சீகை மரம் ஜெயித்த கதை

"பெரிய மரத்தின் கீழே சின்னச் செடி பிழைக்காது, இது இயற்கையின் சட்டம்" என்று வசதி படைத்தவர்கள் அடிக்கடி உபதேசம் செய்கிறார்கள். கூலி உயர்வு கேட்டாலும் சரி, குத்தகை நியாயம் கேட்டாலும் சரி, இந்தக் காட்டு நியாயத்தைத்தான் நமக்கு எடுத்துச் சொல்லுகிறார்கள். காட்டில் உண்மையிலேயே நடப்பது என்ன? நீலகிரி மலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

நீலகிரியின் உச்சிப் பகுதியில், சுமார் 1,800 மீட்டருக்கு மேலே, மலை மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் சோலைக் காடு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சரிவுகள் புல்வெளி. சோலை மரங்கள் குட்டையானவை, மெதுவாக வளருபவை. அவற்றின் கன்றுகள் நிழலிலேயே முளைத்து நிழலிலேயே காத்திருக்கும். ஒரு கிழமரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்தால், காத்திருந்த கன்றுகள் முட்டி மோதிக்கொண்டு மேலே கிளம்பும். போட்டி உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இந்த மரங்கள் வெளியே வந்து புல்வெளியைப் பிடித்துக்கொள்ளவில்லையே, ஏன்? புல்லைவிட மரம் பெரியதல்லவா? காரணம் உறைபனி. மார்கழி, தை மாத இரவுகளில் திறந்த வெளியில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்குகிறது. சோலைக்குள் இலைக் கூரை வெப்பத்தைக் காப்பாற்றுகிறது. வெளியே தலை நீட்டிய கன்று கருகிப் போகிறது. பனிக்குத் தப்பியதைத் தீ பொசுக்குகிறது. புல்லோ மறுபடி அடியிலிருந்து துளிர்க்கிறது. ஆகவே, பலம் மட்டும் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. எந்த நிலைமையில் போட்டி நடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

அந்த நிலைமையும் சாசுவதமானதல்ல. சுகுமார் முதலிய நமது விஞ்ஞானிகள் நீலகிரிச் சதுப்பு நிலத்தில் அடுக்கடுக்காய்ப் படிந்து கிடக்கும் மண்ணைச் சோதித்து, 1993ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் குளிர்ந்து வறண்டிருந்தபோது புல்லின் கை ஓங்கியது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மழை பெருத்தபோது மரத்தின் கை ஓங்கியது. பிறகு வறட்சி வந்தது. மறுபடி புல் பரவியது. சீதோஷ்ணம் மாறினால் ஜெயிப்பவனும் மாறுகிறான்.

இப்போது சீகை மரத்துக்கு வருவோம். இதன் தாயகம் ஆஸ்திரேலியா. தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளியை வெள்ளைக்காரன் 'தரிசு' என்று எழுதி வைத்தான். விறகுக்காகக் கற்பூர மரத்தையும் சீகையையும் கொண்டு வந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நமது சர்க்காரும் அதே கணக்கையே தொடர்ந்தது. சிறுமுகை ரேயான் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும், தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று 1950களிலும் 60களிலும் புல்வெளிகளில் இம்மரங்களை நட்டுத் தள்ளினார்கள்.

சீகை வேகமாக வளரும். அதன் வேர் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கிக்கொள்ளும். விதையோ பல்லாண்டுகள் மண்ணில் செத்துப்போகாமல் கிடக்கும். இவையெல்லாம் அதன் பலம்தான். ஆனால் கடல் தாண்டி அது தானாகவா வந்தது? நாற்றங்கால் போட்டது யார்? மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிக் கொடுத்தது யார்? பழனி மலையில் 2014 வரையிலான நாற்பதாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதை விழுங்கியவை மரத் தோட்டங்களும் விவசாயமும். சிறுமுகை ஆலை மூடிப் பல ஆண்டுகளாகிவிட்டன. சீகை மட்டும் நிற்கிறது, பரவுகிறது.

மலையிலே புல் போனால் நமக்கென்ன என்று இருக்க முடியுமா? 1930களில் கோவைப் பஞ்சாலைகளை ஓட்டியது பைக்காரா மின்சாரம். அந்தத் தண்ணீர்தான் மோயாற்றில் இறங்கிப் பவானிசாகர் அணை சேர்ந்து, கீழ்பவானி வாய்க்காலில் வயலுக்குப் பாய்கிறது. பைக்காராவுக்கு அருகே கிளென்மார்கனில் இரண்டு ஓடைப் பள்ளத்தாக்குகளை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டார்கள். ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட ஓடையில் நூற்றுக்கு 16 பங்கு தண்ணீர் குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாம் பத்தாண்டில் சுமார் 25 பங்கு குறைந்தது. ஓடையில் குறைந்த தண்ணீர் கடைமடையில் தானே வந்து சேராது. அங்கே நடவு இல்லையென்றால் விவசாயத் தொழிலாளிக்கு வேலை இல்லை.

அந்நிய மரங்களை அகற்ற உயர்நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நல்லது. ஆனால் எப்படி அகற்றுவது? ஏலம் விட்டு, கண்டிராக்டர் ஒரே மூச்சில் மொட்டையடித்தால், அடுத்த மழைக்கே ஆயிரக்கணக்கில் சீகைக் கன்று முளைக்கும். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தலையெடுத்து வருகின்றன. வெட்டும் கோடரி அவற்றையும் சேர்த்தே வெட்டும்.

எனவே நாம் கோருவது இதுதான்: புல்வெளியாக இருந்த இடத்தில் சீகையை வெட்டியபின் வருஷா வருஷம் கன்றைப் பிடுங்க வேண்டும். சோலைக் கன்று உள்ள தோப்பை அவசரப்பட்டுத் தொடக்கூடாது. இந்த வேலையை மலைவாழ் மக்களுக்கும் தோட்டக் கூலிகளுக்கும் முழுக் கூலியுடன் நிரந்தர வேலையாகக் கொடுக்க வேண்டும். 2006ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிராம சபையைக் கேட்டே திட்டம் போட வேண்டும். புல்வெளியைத் 'தரிசு' என்று சொல்லி மரம் நடும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

இனி எவராவது "காட்டில் வலுத்தவனே ஜெயிப்பான்" என்று சொன்னால், சீகையை நட்டது யார் என்று கேளுங்கள்.