கடைசி நாளும் ஐந்து கோயிலும்

நம்ம டூரில் கடைசி நாள் என்ன நடக்குது? முன்பின் தெரியாத ஊரில் ஒரே நாளில் ஐந்து கோயில். செருப்பை விடு, கும்பிடு, போட்டோ எடு, பஸ்ஸில் ஏறு! மறுநாள் கேட்டால் எந்தத் தூண் எந்தக் கோயில் என்றே தெரியாது. இதுக்குப் பேரு கல்விச் சுற்றுலாவா?

விழுப்புரம் - செஞ்சி வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு அமைத்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. நம் பாடப்புத்தகத்துப் பொருட்கள் ஒன்றுகூட வேண்டாமாம்! மேலே முழுப்பாறை, பாரம் எப்படி இறங்குதுன்னு நின்னு பாருங்க.

திண்டிவனம் நண்பர்கள் செஞ்சி வழியாக வரலாம். அடுத்த டூரில் கடைசி நாளுக்கு ஒரே கோயில் போதும். கையில் நோட்டும் டேப்பும் வேண்டும். ஒத்திகையை மண்டகப்பட்டில் தொடங்குவோம்!