பறவையில்லாத காடு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. பசிபிக் சமுத்திரத்தில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே உள்ள குவாம் தீவின் கதையோ வேறு. அங்கே பாம்பைக் கொண்டுபோய் விட்டதே படைதான்!

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், நியூகினியை அடுத்த தீவுகளிலிருந்து ராணுவச் சாமான்கள் குவாமுக்குக் கப்பலேறின. அவற்றுள் ஒளிந்துகொண்டு, 1950-ஆம் ஆண்டை ஒட்டிப் பழுப்பு மரப்பாம்பு அங்கே வந்து சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். புழுவைப் போன்ற சிறு குருட்டுப் பாம்பைத் தவிர வேறு பாம்பையே அறியாத தீவு அது.

இப்பாம்பு நம் ஊர்ப் பூனைப் பாம்புக்கு உறவு முறை. பகலில் மரப்பொந்துகளிலும் தாழை மடல்களுக்கிடையிலும் சுருண்டு கிடக்கும். இரவில் மரத்துக்கு மரம் தாவி இரை தேடும். விஷப் பற்கள் மேல்தாடையின் பின்புறம் இருப்பதால், கவ்வி மென்றால்தான் விஷம் இறங்கும். வளர்ந்த மனிதருக்கு அதனால் ஆபத்து அரிது, கைக்குழந்தைகளுக்கு உண்டு. பறவைக்கும் பல்லிக்குமோ அது யமன். பனையேறி தளைநாரை நம்புவது போல, இது தன் உடலையே வளையமாகப் பூட்டி வழவழப்பான கம்பத்திலும் ஏறிவிடும். இவ்வித்தையை விஞ்ஞானிகள் 2021-இல்தான் வெளியிட்டனர்.

குவாமின் பறவைகளுக்கு இத்தகைய சத்துருவிடமிருந்து தப்பும் வழி தெரியவில்லை. தீவின் தெற்கே தொடங்கிய மௌனம் வடக்குக் காடு வரை பரவிற்று. நோயோ, பூச்சி மருந்தோ என்று பலர் ஐயுற்றனர். பாம்பே காரணம் என்பதை 1987-இல் ஜூலி சாவிட்ஜ் என்னும் அம்மையார் நிரூபித்தார். அக்காட்டுக்கே உரிய 12 பறவையினங்களில் 10 அங்கே அற்றுப்போயின. குவாம் ஈப்பிடிப்பான் உலகத்தை விட்டே மறைந்தது.

பறவை போனால் காடும் மாறும். மழைக் காலத்தில், பக்கத்துத் தீவுகளில் உள்ளவற்றைப்போல் 40 மடங்கு சிலந்திகள் குவாமில் இருப்பதாக 2012-இல் கண்டனர். பழத்தை உண்டு விதையைத் தூரத்தில் இடுவார் இல்லாமையால், புதிய மரக்கன்றுகள் தோன்றுவதும் குறைந்தது. மின்சாரக் கம்பிகளில் பாம்பு ஏறி ஊர் இருளில் மூழ்குவதும் உண்டு.

பரிகாரமும் விசித்திரமானதே. ஜுரத்துக்கு நாம் உட்கொள்ளும் பாரஸிட்டமால் 80 மில்லிகிராம் இப்பாம்பைக் கொன்றுவிடும். அதை வைத்த செத்த எலிகளைக் காகிதத் தோரணங்களில் கட்டி ஹெலிகாப்டரிலிருந்து மரங்களின்மேல் போடுகிறார்கள். 2013-இல் ஒரு முறை 2,000 எலிகள் போட்டனர். வெளியே செல்லும் சரக்குகளை மோப்ப நாய்கள் சோதிக்கின்றன.

பறக்கமாட்டாத குவாம் கானாங்கோழியைக் கூண்டில் வளர்த்துக் காத்து, பாம்பில்லாத அண்டைத் தீவுகளில் விட்டார்கள். காட்டில் அற்றுப்போன இனம் என்ற பட்டியலிலிருந்து 2019-இல் அது மீண்டது.

தன் பிறந்த நாட்டில் இப்பாம்பு பறவைகளோடு பறவையாகக் காலங்காலமாய் வாழ்ந்தே வந்திருக்கிறது. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சரக்கை ஏற்றியபோது ஒருமுறை உதறிப் பார்த்திருந்தால், குவாமில் இன்றும் விடியற்காலையில் பறவைகள் பாடிக்கொண்டிருக்கும்.