குன்று மறைத்த குரல்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்குமுன் ஒரு நுழைவு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ்! படப்பிடிப்புக் கூடங்கள் போய்விட்டன. வளைவு மட்டும் மிச்சம்.

அதன் அருமை தெரிய, அதற்கு முந்திய காலத்தை எண்ணிப் பாருங்கள். கல்லில் வெட்டினான் மனிதன், ஓலையில் கீறினான், 1578-இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறிற்று. அத்தனையும் படிக்கத் தெரிந்தவனிடம்தான் பேசின. பள்ளிப் படி மிதிக்க விடாமல் தடுக்கப்பட்டவனிடம்? மௌனம்!

சேர்வராயன் மலையில் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். 1870-இல் கடலடித் தந்தி பம்பாயையும் இலண்டனையும் இணைத்தது. வாரக்கணக்கில் கப்பலில் வந்த விலைச் செய்தி மணிக்கணக்கில் வந்தது. யாருக்கு? காப்பிக் கொட்டையை விற்றவனுக்கு. பறித்தவளுக்கல்ல! அவள் அறிந்த விலை, கங்காணி எண்ணிப்போட்ட காசு ஒன்றுதான்.

1935-இல் டி.ஆர்.சுந்தரம் மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை எழுப்பினார். 1950-இல் அங்கிருந்து வந்த 'மந்திரி குமாரி'க்கு உரையாடல் தீட்டியவர் கலைஞர். எழுத்தறியாத மூட்டைத் தொழிலாளி தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தான். மறுநாள் வசனத்தை வரி பிசகாமல் ஒப்பித்தான். ஏடு எட்டாத இடத்தை ஒலி எட்டிற்று! ஆனால் ஒரு குறை. திரை பேசிற்று, அவன் கேட்டான். அவன் பேச? வானொலியும் அப்படியே, தொலைக்காட்சியும் அப்படியே.

கைப்பேசிதான் அவன் வாயைத் திறந்தது. கூலி குறைந்தால் சங்கத்துக்குச் சொல்லலாம். நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் 108-ஐ அழைக்கலாம். அலை எட்டினால் அழைக்கலாம்! கோபுரத்துக்கும் குடிசைக்கும் நடுவே ஒரு குன்று நின்றால், அலை அங்கேயே அடங்கிவிடும். மலையில் குன்றுக்கா பஞ்சம்? 2020-இல் பள்ளிகள் மூடி, பாடம் கைப்பேசிக்குள் புகுந்தபோது, நாடெங்கும் மலையூர்ப் பிள்ளைகள் புத்தகப் பையோடு பாறையேறி அலை தேடினார்களே, மறந்துவிட்டோமா?

பள்ளத்துப் பத்துக் குடிசைக்கு ஒரு கோபுரமா, கட்டுபடியாகாது என்கிறது கம்பெனி. கட்டுபடியாகாத இடத்துக்கென்றுதானே, கம்பெனிகளின் வருவாயில் நூற்றுக்கு 5 என்று எடுத்து 2002-இல் ஒரு நிதி வைத்தார்கள்! 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று புதுப்பெயர். பெயர் சூட்டு விழா முடிந்தது, பிள்ளை எங்கே?

மே 1-இல் ஊராட்சிதோறும் கிராமசபை கூடும். மலைத் தோழர்களே, அலை எட்டாத ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தீர்மானத்தில் எழுத வையுங்கள். எழுதி முடித்து, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.