அகத்தைப் புறமாக்கும் அறியாமை

வீட்டிற்குத் திண்ணையும் உண்டு, அடுக்களையும் உண்டு. வழிப்போக்கர் திண்ணையில் அமரலாம். அடுக்களையுட் புகுந்து அகப்பையை எடுத்தல் ஆகாது. கணினி நிரலுக்கும் இந்நெறியே உரியது. ஓர் இனக்குழுவின் செயற்கூறுகளுள் பிறர் அழைத்தற்குரியன சில. அவ்வினக்குழு தன் வேலையை முடிக்கத் தனக்குள்ளேயே அழைத்துக்கொள்வன பல. முன்னவை புறம்; பின்னவை அகம். பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூற்றினுள் மறைத்து வைத்தலே நிரலைப் பகுக்கும் முறை என்று, 1972ஆம் ஆண்டிலேயே தேவிடு பார்னசு என்னும் அறிஞர் கட்டுரை வரைந்து நிறுவினார்.

சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் கணினித் தொழில் பெருகிவிட்ட இந்நாளில், நிரலருட் சிலர் புதியதொரு கூற்றைப் பெருமையோடு சொல்லித் திரிகின்றனர். "தூய செயற்கூறு எதனையும் மாற்றுவதில்லை, ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விடையையே தரும். எனவே, யார் அழைப்பினும் கெடுவதொன்றில்லை. பொருள்நோக்கு நெறியையும் செயற்கூற்று நெறியையும் இணைத்த சுகாலா போன்ற மொழிகளில் மறைப்பு எதற்கு?" என்பது அவர் வினா.

இக்கூற்றிற் பாதியே மெய். நிலைமாறாத் தன்மை, மதிப்பு கெடாமற் காக்கும். உறவு சிக்காமற் காக்குமா? நூற்பாலை ஒன்றின் கூலிக்கணக்கை எடுத்துக்கொள்க. 'கூலி' என்பது புறச்செயற்கூறு. வருகைநாள், மிகைநேரம், பிடித்தம் ஆகியன அதன் அகச்செயற்கூறுகள். எல்லாம் தூயனவே ஆகுக. பிடித்தத்தை மட்டும் வெளிநிரல்கள் நாற்பது இடங்களில் நேரே அழைத்துவிட்டன என்க. நாளை பிடித்த முறை மாறுமாயின் நாற்பது இடங்களும் ஒருசேர உடையும். அன்றியும், முன்பே சரிபார்க்கப்பட்ட தொகையே தனக்கு வரும் என்று நம்பி எழுதப்பட்டது பிடித்தம். சரிபாராத் தொகையைக் கொடுப்பின், ஒருமுறை அன்று, ஒவ்வொரு முறையும் அதே தவற்றைத் தூய்மையாகச் செய்யும்! உழைத்தவன் கூலியன்றோ குறையும்?

"அறிவை மறைப்பது கொடுமை" என்று வேறு சிலர் முழங்குவர். காண்பதற்கும் கையாளுதற்கும் வேறுபாடு அறியார் கூற்று அது. நிரலின் மூலவரிகள் ஊரறியத் திறந்து கிடக்கலாம், யாரும் படிக்கலாம், பழகலாம். தடுக்கப்படுவது படித்தல் அன்று, வெளியிலிருந்து அழைத்தலே. கிணற்று மின்னோடியின் கூட்டைக் கழற்றிச் செப்புக் கம்பிச் சுருளைக் காண உழவர்க்குத் தடையில்லை. ஆயினும், நாள்தோறும் நீரிறைக்க அவர் தொடுவது தொடக்கியையே. சுருளைத் தொட்டு ஓட்ட முனைவார் உளரோ?

"அகத்தை மறைத்தால் ஆய்ந்து பார்ப்பது எப்படி?" என்பர் இன்னுஞ் சிலர். புறச்செயற்கூற்றின் விடையைக் கொண்டே அகத்தை ஆயலாம். தனியே ஆய்ந்தாக வேண்டிய அளவிற்கு அகச்செயற்கூறு ஒன்று பருத்துவிட்டதாயின், அதனைப் பிரித்துத் தனிக்கூறாக்கி, அதற்கும் ஒரு புறவாயில் வைத்தலே தக்கது. ஆய்வின் பேரால் வீட்டுச் சுவரை இடித்தல் தகாது.

செயற்கூற்று நெறியில் தலைநின்ற ஆசுகெல் மொழியே, வெளிவிடத்தக்க பெயர்களை மட்டும் பட்டியலிட்டு, ஏனையவற்றை உள்ளடக்க வழி வகுத்துள்ளது. சுகாலாவிலும் அகக்குறியிட்ட செயற்கூற்றை வெளியிலிருந்து அழைத்தால் மொழிமாற்றி அந்நிரலை ஏற்காது. பைத்தானிலோ இரட்டை அடிக்கோடு இடினும் பெயர் உருமாறுமேயன்றிக் கதவு முற்றும் அடைபடாது. ஆண்டு எழுதுவோரின் ஒழுங்கே காவல்.

இவை எட்டாப் பொருள்களும் அல்ல. தமிழ்நாட்டரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் 2019 முதல் இடைமுகத்தையும் செயல்படுத்துதலையும், தூய செயற்கூற்றையும் தமிழிலேயே கற்பிக்கின்றது. பொள்ளாச்சி மாணவனும் கோபி மாணவியும் பள்ளியிற் கற்ற பாடத்தைப் பணியிடத்தில் மறப்பதேன்?

அகமென்றும் புறமென்றும் வாழ்வையே பகுத்த இனம் தமிழினம். அகத்திணையில் தலைமக்களைப் பெயர் சுட்டி உரைத்தல் ஆகாது என நெறி வகுத்தது தொல்காப்பியம். அகத்துப் பெயரைப் புறத்தார் அழைத்தல் ஆகாது என்பதே நிரலின் நெறியும். தமிழ் நிரலரே! அகத்தை அகமாகவே வையுங்கள். புறத்தைக் குறைத்துத் திருத்தமாக்குங்கள். பின்வருவோர் உங்கள் நிரலை அச்சமின்றி மாற்றுதற்கு அதுவே வழி!