உயிரணுவுக்கு உடலே பட்டறையாகட்டும்

சதையென்னும் சுமையை உதறிப் பேயுருக் கொண்டு காரைக்கால் அம்மையார் வந்தடைந்த தலமென்று பக்தர்கள் போற்றும் திருவாலங்காட்டில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் வாலிபப் பிள்ளைக்கு, ஒருமுறை அடங்கிய ரத்தப் புற்றுநோய் மறுபடி தலையெடுத்தால், அரக்கோணம் வழியாக வேலூரை அடுத்த காட்பாடிக்கோ, எதிர்த்திசையில் சென்னைக்கோ ரெயிலேறுவதைத் தவிர அவர்களுக்கு வேறு மார்க்கமில்லை. அப்படிப் போய்ச் சேர்ந்தாலும், இன்றைய வைத்தியத்தின் சிறந்த சாதனமொன்று அவர்கள் கைக்கு எட்டுவதில்லை.

அது 'கார்-டி' சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து நோயெதிர்ப்புக்கான 'டி' உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை அடையாளங் காணும் ஜீனை வைரஸ் மூலம் அவற்றுள் புகுத்தி, தூசியும் கிருமியும் அணுகாத கூடத்தில் பல நாட்கள் பெருக்கி, சோதித்து, உறைய வைத்து, மீண்டும் அதே சரீரத்தில் செலுத்தும் முறை அது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19, மேல்நாடுகளில் 3, 4 கோடி ரூபாய் ஆகும் இவ்வைத்தியத்தை ஏறத்தாழ 30, 40 லட்சத்துக்கு இறக்கியது பெருமைக்குரிய காரியமே. ஆனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு அளிப்பது 5 லட்சம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்குச் செய்து, 2024 டிசம்பரில் உலகுக்கு அறிவித்த ஜீன் சிகிச்சையும், அவர்களுடைய ரத்தக் கசிவை நிறுத்திய அற்புதமாயினும், மூல உயிரணுக்களை வெளியே எடுத்துத் திருத்தும் அதே பாதையில் சென்றதுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே ஒரு மருந்தைச் சமைப்பதிலேதான் செலவெல்லாம் அடங்கியிருக்கிறது.

ஆகவேதான், உயிரணுவை வெளியே கொணராமல், சரீரத்தையே பட்டறையாக்கலாகாதா என்ற கேள்வி விஞ்ஞானிகளிடையே எழுந்தது. 2022இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் ஆய்வுக் குழுவினர், பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டைப் பஞ்சுபோல் உலர்த்தி, 'டி' உயிரணுவைத் தூண்டும் புரதங்களை அதில் பதித்து, ரத்த உயிரணுக்களையும் ஜீன் தாங்கிய வைரஸையும் அதன்மேல் ஊற்றிச் சுண்டெலியின் தோலடியில் வைத்தார்கள். வாரக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை ஒரே நாளுக்குள் சுருங்கியது. அதே ஆண்டு பென்சில்வேனியாவில், கொரோனாத் தடுப்பூசியில் பயன்பட்டதைப் போன்ற, ஆர்.என்.ஏ. தாங்கிய கொழுப்புத் துகள்களை ஊசி வழியே செலுத்தியே, சுண்டெலியின் உடலுக்குள் 'டி' உயிரணுக்களைத் திருத்தி, இருதயத் தழும்பைக் குறைத்தார்கள். பஞ்சுக்குச் சிறிது ரத்தமாவது எடுக்க வேண்டும். துகளுக்கோ அதுவும் வேண்டியதில்லை. ஒரே புட்டி மருந்தைப் பலருக்கும் இடலாம் என்ற நம்பிக்கை பிறப்பது இங்கேதான்.

அந்தப் பஞ்சின் மூலப்பொருளைப் பற்றி எண்ணும்போது எனக்கு ராமேசுவரம், மண்டபம் கரைகளில் மூச்சடக்கி மூழ்கிக் கட்டக்கோரைப் பாசி பறிக்கும் பெண்களின் ஞாபகம் வருகிறது. அவர்கள் கரைசேர்க்கும் பாசியிலும் இருப்பது அந்த ஆல்ஜினேட்தான். அதை ரத்தத்தோடு உறவாடத் தகுந்த பரிசுத்தத்துக்கு உயர்த்துவதே கடினமான வித்தை. மாட்டிலிருந்து பெற்ற கொலாஜன் புரதத்தைத் தீப்புண்ணுக்குப் போர்வையாக்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருக்கையில், அவ்வித்தை நமக்கு அந்நியமானதென்று நான் ஒப்பமாட்டேன்.

ஆயினும் ஓர் அச்சத்தை மறைத்தல் தர்மமன்று. கூடத்தில் பிழை நேர்ந்தால் புட்டியைக் கொட்டிவிடலாம். சரீரத்துக்குள் நேர்ந்த பிழையைத் திரும்ப அழைக்க இயலாது. அத்தனை கண்காணிப்புள்ள கூடத்திலேயே ஒரேயொரு புற்றணு தவறுதலாக அந்த ஜீனைப் பெற்று, சிகிச்சைக்கு மறைந்துநின்று பெருகி, நோயாளியின் உயிரைக் குடித்த செய்தி 2018இல் வெளிவந்ததை மறக்கலாகாது. சில நாட்களில் தானே கரைந்துபோகும் ஆர்.என்.ஏ. தாங்கிய துகள், ஜீனை நிரந்தரமாகப் பொறிக்கும் வைரஸைவிட இவ்விஷயத்தில் சாந்தமானது என்பதே என் அபிப்பிராயம். பலன் குறுகியதாயினும், பிழையும் குறுகியதே. 2025இல் சீனாவின் வூஹானில் மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய் கண்ட நால்வருக்கு உடலுக்குள்ளேயே கார்-டி உருவாக்கிய வைத்தியர்கள் கையாண்டது வைரஸ் மார்க்கம். நோய் தணிந்தது, கடுங்காய்ச்சல் முதலிய எதிர்விளைவுகளும் உடன் வந்தன.

திருவாலங்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை இருக்கிறது, வேலூரில் அனுபவமிருக்கிறது. இம்மூன்றையும் இணைத்து, இத்தகைய மருந்தைப் பொதுச் செலவில் ஆராய்ந்து செய்யவும், பெற்றவரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து கவனிக்கவும் ஒரு திட்டத்தைத் தமிழக அரசு இப்போதே வகுக்க வேண்டும். காப்புரிமை முழுதும் பிறர் கைக்குப் போன பிறகு விலை குறைக்கச் சொல்லி மன்றாடுவதில் பயனில்லை.