கம்பெனி ஒயரை ஏன் உருவ வேண்டும்?
கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு கடை வாசலில், காரின் கதவைப் பிரித்து, தடித்த ஒயர் போடுவதற்காகக் கம்பெனி ஸ்பீக்கர் ஒயரை முழுதாக உருவிக்கொண்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. பாடகர் உம்பாயியின் கஜல் பிறந்த ஊர் இது. இங்கே நல்ல ஒலிக்கு ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி பின்கதவுவரை 3 மீட்டர் போய்த் திரும்பினாலும் மின்தடை சுமார் 0.2 ஓம்தான், 4 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு அரை டெசிபெல்கூட இல்லை. ஓடும் காரில் எந்தக் காது அதைப் பிரித்தறியும்? தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து 100 வாட் அனுப்புகிறவர் தடித்த ஒயர் போடட்டும், அது நியாயம். மற்றவர்கள், காயலோர உப்புக்காற்றில் பச்சை பூத்த இணைப்பு முனைகளை முதலில் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லட்டும். மிச்சப் பணத்தில், அதிரும் கதவுத் தகட்டின் உட்புறம் அதிர்வைத் தடுக்கும் ஷீட் ஒட்டச் சொல்லட்டும்.