இளம்பெண்களின் தலைவலியும் மூளைச் சிரை அடைப்பும்: எல்லையோரம் கவனிக்க வேண்டியவை

சித்தூர் (பாலக்காடு): முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவையே பக்கவாதத்தின் அறிகுறிகளாகப் பரவலாக அறியப்பட்டுள்ளன. ஆனால், மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் ஏற்படும் அடைப்பு பெரும்பாலும் இவ்வாறு திடீரென வெளிப்படுவதில்லை. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பின்னர் வலிப்பு எனப் படிப்படியாக வருகிறது. ஒற்றைத் தலைவலி என்று கருதி வலி மாத்திரைகளிலேயே நாள்கள் கழிந்துவிடுகின்றன.

21 நாடுகளைச் சேர்ந்த 624 நோயாளிகளைக் கண்காணித்து 2004-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் ஆகியவை ரத்தம் உறையும் தன்மையை அதிகரிப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

தமிழகத்துக்கு இது புதிதல்ல. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னரும் மூளை ரத்தக்குழாய்களில் அடைப்பு ஏற்பட்ட 135 பெண்களைப் பற்றி மதுரை நரம்பியல் மருத்துவர் கே. ஸ்ரீனிவாசன் 1983-லேயே ஆய்வறிக்கை வெளியிட்டார். பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் உள்ளது. நீரிழப்பும் ரத்தசோகையும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. பத்திய உணவில் தவறில்லை. தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பதே தவறு.

திருவிழா, திருமணம், கோயில் பயணம் ஆகியவற்றுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நேரடியாக வாங்கப்படும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும் கவனத்துக்குரியது. அதிக அளவில் உட்கொள்ளும்போது அதன் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ரத்த உறைவுக் கோளாறு உள்ள குடும்பத்துப் பெண்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதனை உட்கொள்ளக் கூடாது.

சாதாரண சிடி ஸ்கேனில் இந்த அடைப்பு தெரியாமல் போகலாம். சிரைகளைக் காட்டும் எம்ஆர் வெனோகிராம் தேவைப்படும். தமிழும் மலையாளமும் புழங்கும் சித்தூர் வட்டத்தில் இருந்து உயர் சிகிச்சைக்குத் திருச்சூருக்கோ, கோவைக்கோ செல்வோர், அண்மையில் பிரசவம் நடந்ததையும் உட்கொண்ட ஹார்மோன் மாத்திரைகளையும் முதலிலேயே தெரிவித்தால் சரியான பரிசோதனை விரைவில் நடக்கும்.

சிகிச்சை புதிரானதல்ல. ஹெபாரின் மருந்து பெற்ற 10 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. பெறாத 10 பேரில் மூவர் இறந்தனர் என்று 1991-இல் வெளியான ஜெர்மனி ஆய்வு காட்டியது. ஆய்வு சிறியதுதான் என்றாலும், மூளையில் ரத்தக்கசிவு இருந்தாலும் இம்மருந்தைத் தரலாம் என்ற துணிவை மருத்துவர்களுக்கு அளித்தது அதுவே.